மொட்டைமாடிப் பட்டறைக்கு எந்த வெல்டிங் மெஷின்?

எண்ணெய்த் தொட்டியோடு, சக்கரம் வைத்து உருட்டிச் செல்லும் கனமான வெல்டிங் டிரான்ஸ்ஃபார்மரைப் பழைய கிரில் பட்டறைகளில் பலரும் பார்த்திருப்பார்கள். இன்று ஐந்தாறு கிலோ பெட்டி ஒன்று அதே வேலையைச் செய்கிறது. தோளில் மாட்டிக்கொண்டு சென்னை ஆதம்பாக்கத்தின் குறுகலான மாடிப்படிகளில் ஏறிவிடலாம்.

இந்த மாற்றத்துக்குக் காரணம் ஐ.ஜி.பி.டி. என்ற மின்னணு சுவிட்ச். 1980-களில் ஜெனரல் எலெக்ட்ரிக் ஆய்வகத்தில் அதை உருவாக்கிய ஜயந்த் பாலிகா சென்னையில் பிறந்தவர். ஆதம்பாக்கத்துக்கு அருகிலேயே இருக்கும் ஐ.ஐ.டி.யில் 1969-ல் பட்டம் பெற்றவர். 2024-ன் மில்லினியம் தொழில்நுட்பப் பரிசு அவருக்குக் கிடைத்தது. வீட்டுக்கு வரும் மின்சாரம் நொடிக்கு 50 சுற்று. இன்வெர்ட்டர் மெஷின் எனப்படும் இந்தப் பெட்டிக்குள் அந்த சுவிட்ச் அதைப் பல்லாயிரம் சுற்றாக்குகிறது. சுற்று கூடினால் டிரான்ஸ்ஃபார்மருக்குத் தேவையான இரும்பும் செம்பும் குறையும். எடை குறைந்தது அப்படித்தான்.

கடைக்குப் போனால் '200 ஆம்ப்ஸ்', '250 ஆம்ப்ஸ்' என்று பெட்டியில் கொட்டை எழுத்தில் இருக்கும். அதை விட்டுவிட்டு, பின்பக்கத் தகட்டில் 'டியூட்டி சைக்கிள்' எவ்வளவு என்று பார்க்க வேண்டும். 60 சதவீதம் என்றால், பத்து நிமிடத்தில் ஆறு நிமிடம் வெல்டிங், நான்கு நிமிடம் ஓய்வு. அந்தக் கணக்கு 40 டிகிரி வெப்பத்தில் எடுத்ததா என்று கேளுங்கள். மே மாத மொட்டைமாடியில் அதற்குக் குறைந்த வெப்பத்தில் எடுத்த கணக்கு செல்லாது.

கேட், செடி ஸ்டாண்ட் செய்ய 16 கேஜ் ஸ்கொயர் பைப்தான் அதிகம் தேவைப்படும். அதன் கனம் சுமார் 1.6 மில்லிமீட்டர். 6013 வெல்டிங் ராடில் 2 அல்லது 2.5 மில்லிமீட்டர் அளவு போதும். 50 முதல் 80 ஆம்ப்ஸுக்குள் வேலை முடியும், கூட்டினால் பைப் ஓட்டையாகிவிடும். 16 ஆம்ப்ஸ் பிளக் இதைத் தாங்கும். 3.15 மில்லிமீட்டர் ராடுக்குத் தனி வயரிங் போடுவதே நல்லது. சென்னைக் காற்றில் ராடு சீக்கிரம் ஈரம் இழுக்கும். பாக்கெட்டைத் திறந்து போடக் கூடாது.

கேஸ் போட்டு வேலை செய்யும் மிக் மெஷின் சுத்தமாக ஒட்டும். ஆனால் மாடியில் கடல்காற்று கேஸைக் கலைத்துவிடும். ஆகவே முதல் மெஷின், ராடு போடும் இன்வெர்ட்டராகவே இருக்கட்டும்.

மிக் வாங்காததால் மிச்சமாகும் பணத்தில் நல்ல ஹெல்மெட் வாங்குங்கள். ஜி.ஐ. பைப்பாக இருந்தால் ஒட்டும் இடத்தில் துத்தநாகப் பூச்சைத் தேய்த்து எடுத்துவிடுங்கள். அதன் புகை காய்ச்சல் தரும்.