கொட்டகையில் தூங்கும் தாத்தா கார்

ஏரியூர் பக்கம் யார் வீட்டுக் கொட்டகையிலாவது பழைய கார் தார்ப்பாய்க்குள் தூங்குகிறதா? அம்பாசடரோ, அமெரிக்க இம்பாலாவோ, எதுவானாலும் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். முதலில் பதிவாகி 50 ஆண்டு கடந்த சொந்த உபயோக வண்டியை 'விண்டேஜ்' வாகனமாகப் பதிய 2021-ல் மத்திய அரசு விதி கொண்டுவந்தது. புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். 10 ஆண்டு செல்லும். ஏற்கெனவே பதிவான வண்டி தன் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம்.

ஒரு சிக்கல் உண்டு. சேஸிஸ், பாடி, இன்ஜின் எதிலும் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. பெட்ரோல் செலவுக்குப் பயந்து டீசல் இன்ஜின் ஏற்றிய வண்டிகள் பாவம், இங்கேதான் அடிபடும். அன்றாடம் ஓட்டவும் அனுமதி இல்லை. கண்காட்சி, பேரணி, பெட்ரோல் போட, பழுது பார்க்க என்றால் சரி.

பல வருஷம் நின்ற வண்டியில் எடுத்தவுடன் சாவியைத் திருப்பாதீர்கள். டேங்கில் கெட்டுப்போன பெட்ரோலை வடித்துவிடுங்கள். வெடித்த ரப்பர் குழாய்களை மாற்றி, கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவுங்கள். பிளக்கைக் கழற்றி அந்த ஓட்டை வழியே கொஞ்சம் ஆயில் விட்டு, இன்ஜினைக் கையால் மெல்லச் சுற்றிப் பாருங்கள். தடங்கலின்றிச் சுற்றினால் மட்டும் ஸ்டார்ட் செய்யுங்கள்.