மொத்தமே சில ஆயிரம் பாட்டில்தான்... டெக்சாஸின் 'கவ்பாய் போர்பன்'ல அப்படி என்ன இருக்கு?

"மோந்து பாரு மச்சான். ஆனா மூக்கை கிளாஸுக்குள்ள விட்டுடாத, எரிஞ்சுடும்!"

டெக்சாஸின் ஆஸ்டின் நகரில் வசிக்கும் நண்பர், ஒரு ஸ்பூன் அளவுக்குத்தான் ஊற்றினார். நிறம் கிட்டத்தட்ட கருப்பட்டிக் காபி. பாட்டிலில் எழுதியிருந்த பெயர்: கேரிசன் பிரதர்ஸ் கவ்பாய் போர்பன். 200 டாலருக்கு மேல் விலை. இதற்காகக் கடை வாசலில் வரிசையில் நிற்பவர்கள் இருக்கிறார்கள். ஒரு விஸ்கிக்கு இவ்வளவு அலப்பறையா?

முதல்ல, போர்பன்னா என்ன?

எல்லா போர்பனும் விஸ்கிதான். எல்லா விஸ்கியும் போர்பன் ஆகிவிடாது. அமெரிக்கச் சட்டப்படி, தானியக் கலவையில் குறைந்தது 51 சதவீதம் மக்காச்சோளம் இருக்க வேண்டும். உட்புறம் தீயில் கருக்கிய புத்தம் புது ஓக் மரப் பீப்பாயில்தான் ஊற வைக்க வேண்டும். நிறமோ, சுவையூட்டியோ ஒரு துளி கூடச் சேர்க்கக் கூடாது. பீப்பாய்க்குள் போகும்போது ஆல்கஹால் அளவு 62.5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. அமெரிக்காவில்தான் தயாரிக்க வேண்டும். கென்டக்கியில்தான் செய்ய வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள், அப்படி எந்த விதியும் கிடையாது.

அந்த இடைவெளியில்தான் டெக்சாஸ்காரர்கள் நுழைந்தார்கள். ஆஸ்டினில் இருந்து மேற்கே சுமார் ஒரு மணி நேரம் காரில் போனால் 'ஹை' என்ற குக்கிராமம். அங்குள்ள தபால் நிலையம் கொஞ்சம் பிரபலம். சிறுவனாக இருந்தபோது தன் முதல் கடிதத்தை அங்குதான் போட்டதாக அதிபர் லிண்டன் ஜான்சன் சொல்வார்; 1965-ல் தன் போஸ்ட்மாஸ்டர் ஜெனரலுக்கு அங்கேயே பதவிப் பிரமாணமும் செய்து வைத்தார். இன்று அந்த ஊருக்குக் கார்கள் வருவது கேரிசன் பிரதர்ஸ் வடிசாலைக்காக. டெக்சாஸின் முதல் சட்டபூர்வ போர்பன் வடிசாலை இதுதான். வெள்ளை மக்காச்சோளம், கோதுமை, முளைகட்டிய பார்லி இவைதான் கலவை. பல போர்பன்களில் வரும் 'ரை' தானியத்துக்குப் பதில் இங்கே கோதுமை. அதனால் காரம் குறைந்து இனிப்பு தூக்கலாக வரும்.

வெயில்தான் ஹீரோ, வெயில்தான் வில்லன்

பீப்பாய் மரம் மூச்சு விடும். வெப்பம் ஏறினால் சாராயம் விரிந்து மரத்துக்குள் போகும். குளிர்ந்தால் மரத்தின் சர்க்கரையையும் வெனிலா மணத்தையும் இழுத்துக்கொண்டு வெளியே வரும். போர்பனின் நிறம் முழுக்க இப்படி வருவதுதான். டெக்சாஸ் கோடையில் இந்த வேலை படுவேகமாக நடக்கும்.

வேகத்துக்கு ஒரு விலை உண்டு. பீப்பாயில் இருந்து ஆவியாகிப் போகும் பங்கை 'தேவதையின் பங்கு' என்பார்கள். கென்டக்கியில் அது ஆண்டுக்கு 3 முதல் 5 சதவீதம். டெக்சாஸில் 10 சதவீதத்தையும் தாண்டும் என்கிறார்கள் தயாரிப்பாளர்கள். ஒரு கணக்குப் போடுவோம். 200 லிட்டர் பீப்பாய், ஆண்டுக்கு 10 சதவீத இழப்பு, 5 ஆண்டுகள். மிஞ்சுவது சுமார் 118 லிட்டர். 750 மி.லி. பாட்டிலில் 157. அதே பீப்பாய் கென்டக்கியில் 4 சதவீத இழப்போடு இருந்தால் 217 பாட்டில் தேறும். தேவதைகளுக்கு டெக்சாஸ் ரொம்பப் பிடிச்சுப்போச்சு போல!

வறண்ட வெப்பத்தில் ஆல்கஹாலைவிடத் தண்ணீர் அதிகமாக ஆவியாகும். அதனால் உள்ளே இருப்பதன் வீரியம் ஏறிக்கொண்டே போகும். கவ்பாய் போர்பனில் தண்ணீர் கலப்பதில்லை. பெரும்பாலும் 65 சதவீதத்துக்கு மேல் ஆல்கஹாலோடு அப்படியே பாட்டிலுக்கு வருகிறது. நம்மூர் விஸ்கி 42.8 சதவீதம். 67 சதவீதச் சரக்கில் 30 மி.லி. குடிப்பது, நம்மூர் விஸ்கியில் சுமார் 47 மி.லி. குடிப்பதற்குச் சமம். அளவு தெரியாமல் ஊற்றினால் ஆபத்து நிஜமானது.

சரி, ருசி எப்படி?

வாயை லேசாகத் திறந்து வைத்தபடி மோந்தால் எரிச்சல் குறையும் என்றார் நண்பர். குறைந்தது. முதலில் வந்தது பாகு முறுகும் வாசனை. அதிரசத்துக்குப் பாகு காய்ச்சும்போது ஒரு நொடி கவனம் தப்பினால் வருமே, அது. பின்னால் பட்டை, நெய்யில் சிவந்த முந்திரி. வாயில் வைத்ததும் எதுவும் தெரியவில்லை, வெறும் நெருப்பு!

"இப்போ நாலு சொட்டு தண்ணி விடு."

விட்டேன். ஆளே மாறிவிட்டது. நெருப்பு அடங்கி இனிப்பு முன்னால் வந்தது, கடைசியில் மரத்தின் துவர்ப்பு நாக்கின் ஓரத்தில் நெடுநேரம் நின்றது. அந்தத் துவர்ப்பு எனக்குக் கொஞ்சம் அதிகம்தான். வெயிலில் வேகமாக ஊறியதன் மறுபக்கம் இது. நண்பர் ஒத்துக்கொள்ளவில்லை.

லேபிளைப் படிங்க

'கிராஃப்ட்', 'ஸ்மால் பேட்ச்' ஆகிய சொற்களுக்கு அமெரிக்கக் கூட்டாட்சி விதிகளில் வரையறையே கிடையாது. யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம். இண்டியானாவில் உள்ள ஒரு பெரிய ஆலையில் வாங்கி, சொந்தப் பெயர் ஒட்டி விற்கும் பிராண்டுகள் ஏராளம். அயோவாவின் டெம்பிள்டன் ரை விஸ்கி இப்படித்தான் வழக்கில் சிக்கி, 2015-ல் வாடிக்கையாளர்களுக்குப் பணம் திருப்பித்தர ஒப்புக்கொண்டது.

பின் லேபிளில் யார் 'வடித்தது' என்று இருக்கிறதா, வெறும் 'பாட்டிலில் அடைத்தது' மட்டும்தானா என்று பாருங்கள். 'ஸ்ட்ரெயிட்' என்ற சொல் இருந்தால் குறைந்தது 2 ஆண்டு ஊறியது. 'பாட்டில்டு இன் பாண்ட்' என்றால் இன்னும் கறார்: 1897-ம் ஆண்டுச் சட்டப்படி ஒரே வடிசாலை, ஒரே பருவம், குறைந்தது 4 ஆண்டு, சரியாக 50 சதவீதம்.

ஊருக்கு எடுத்து வர நினைப்பவர்கள் வீரியத்தையும் பார்க்க வேண்டும். 70 சதவீதத்தைத் தாண்டிய மதுவை விமானத்தில் கொண்டுவர முடியாது. பெட்டியில் வைத்தாலும் சரி, கையில் வைத்தாலும் சரி.

வாங்கலாமா? ஒரு பாரில் 15 மி.லி. ருசி பார்க்கக் கிடைத்தால் தாராளமாகப் பார்க்கலாம். மறுவிற்பனை ஆட்களிடம் இரண்டு மடங்கு கொடுத்து வாங்க நான் தயாரில்லை. அந்தக் காசுக்கு நல்ல 'பாட்டில்டு இன் பாண்ட்' போர்பன் அரை டஜன் வாங்கிவிடலாம்.

இதைச் சொன்னதும் நண்பர் சிரித்துக்கொண்டே பாட்டிலுக்குக் கார்க் போட்டார். "அடுத்த வருஷ ரிலீஸ் வந்ததும் ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பார்க்கணும்" என்று அலமாரியின் மேல் தட்டில், கைக்கு எட்டாத இடத்தில் வைத்தார்.

(மது அருந்துவது உடல்நலத்துக்குக் கேடு.)