அணில் குட்டிக்கு நம் ஊரில் எது குளிர்காலம்?



விலங்குப் பராமரிப்பைப் பற்றிக் கருத்து விளக்கக் கட்டுரை எழுதச் சொன்னால், சில தாள்களில் ஒரே கருத்து திரும்பத் திரும்ப வருகிறது. காப்பாற்றிய அணில் குட்டியைக் குளிர்காலம் முடியும்வரை வீட்டில் வைத்திருந்து, வசந்த காலத்தில் காட்டில் விட வேண்டுமாம். இணையத்தில் எடுத்த தகவல். தகவலில் பிழை இல்லை. ஆனால் எழுதுகிற பிள்ளை இருப்பது கிள்ளானில். அங்கே ஏது குளிர்காலம், ஏது வசந்தம்?

இதைச் சிரித்துவிட்டுத் தள்ளிவிட முடியாது. அந்தப் பிள்ளை நாளைக்கே பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடி வீட்டுக்குக் கீழே ஓர் அணில் குட்டியைக் கண்டெடுக்கலாம். அப்போது அவன் நம்பப்போவது இதே குறிப்பைத்தான்.

முதலில் அந்த விதி எங்கே பிறந்தது என்று பார்ப்போம். வட அமெரிக்காவில் வாழும் சாம்பல் அணில் ஆண்டுக்கு இருமுறை குட்டி போடும்: குளிர் முடியும் தறுவாயில் ஒரு முறை, கோடையின் பிற்பகுதியில் ஒரு முறை. இரண்டாம் ஈற்றுக் குட்டி ஒன்று செப்டம்பரில் தாயை இழந்தால், அது பால் மறந்து சொந்தமாகத் தின்னப் பழகுவதற்குள் நவம்பர் வந்துவிடும். சாம்பல் அணில் குளிர்காலம் முழுதும் தூங்கிக் கழிக்கும் பிராணி இல்லை. இலையுதிர் காலத்தில் கொட்டைகளை மண்ணில் புதைத்து வைத்துத்தான் பிழைக்கிறது. கூடும் இல்லாமல், புதைத்த கொட்டையும் இல்லாமல் குட்டியைப் பனியில் விட்டால் அது செத்துப்போகும். அதனால்தான் மீட்பாளர்கள் வசந்தம்வரை வைத்திருக்கிறார்கள். ஆக, அங்கே காத்திருப்பதற்குக் காரணம் மாதம் இல்லை. உணவும் உறைவிடமும் கிடைக்காத நிலைதான்.

நாடு மாறினால் விதியே தலைகீழாகும். இங்கிலாந்தில் சாம்பல் அணில் வெளியிலிருந்து வந்து பெருகிய இனம். 2019 டிசம்பர் முதல், மீட்டு வளர்த்த சாம்பல் அணிலை அங்கே திரும்ப வெளியில் விடவே சட்டம் இடம் தருவதில்லை. ஒரே பிராணி, ஒரே பரிவு. கனடாவில் செய்வதை லண்டனில் செய்தால் குற்றம்.

இனி நம் பக்கம் வருவோம். கிள்ளான் பள்ளத்தாக்கில் மாமரத்திலும் மின்கம்பியிலும் ஓடுவது பெரும்பாலும் வாழை அணில். வயிறு செம்பழுப்பு, விலாவில் கறுப்பும் வெளிர்நிறமுமாகக் கோடு. நம் தமிழ்க் கதைகளிலும் படங்களிலும் வரும் அணிலுக்கோ முதுகில் மூன்று கோடு. தொல்காப்பிய மரபியலே அணிலை மூன்று வரி உடையது என்று அடைமொழி சேர்த்துத்தான் சொல்கிறது. சேதுக் கதையில் இராமர் தடவிக் கொடுத்ததால் விழுந்த கோடு என்று நாம் சொல்வதும் அந்தத் தமிழக அணிலைப் பற்றித்தான். 'ஏன் டீச்சர் நம்ம வீட்டு அணிலுக்கு முதுகில் கோடு இல்லை?' என்று ஒரு பிள்ளை கேட்டால், அது நல்ல கேள்வி. இனமே வேறு என்று சொல்லுங்கள். (இளமைப் பெயர் கேட்கும் மாணவர்களுக்கு: மரபியல் அணிலுக்குத் தருவது குட்டி, பறழ். அணிற்பிள்ளை என்பதும் வழக்கில் உண்டு.)

இன்னொரு குழப்பமும் உண்டு. மலாயில் 'தூப்பாய்' என்றால் அணிலையும் குறிக்கும், மரமூஞ்சூற்றையும் குறிக்கும். இரண்டும் உறவே இல்லாத பிராணிகள். 1821இல் ராஃபிள்ஸ் மரமூஞ்சூற்றுக்கு அறிவியல் பெயர் வைத்தபோது இந்த மலாய்ச் சொல்லையே எடுத்து 'துபாயா' என்றார். மூக்கு நீண்டு கூர்மையாக இருந்தால் அது மரமூஞ்சூறு. அதன் தாய் குட்டிகளைத் தனிக்கூட்டில் விட்டு, இரண்டு நாளுக்கு ஒரு தடவைதான் வந்து பால் கொடுக்கும் என்று ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். தாய் கைவிட்டுவிட்டது என்று நினைத்து நாம் தூக்கி வந்துவிடுவோம்.

அணில் குட்டி கீழே கிடந்தால் முதல் வேலை வளர்ப்பது இல்லை, தாயிடம் சேர்ப்பது. அடிபடாத குட்டி என்றால், சப்பாத்துப் பெட்டியில் துணி விரித்து வைத்து, பெட்டியை அதே மரத்தில் ஆள் உயரத்தில் கட்டிவிட்டு எட்ட நின்று பாருங்கள். தாய் அணிலுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட கூடு இருக்கும். குட்டியை வாயில் கவ்விக்கொண்டு இடம் மாற்றும். மனித வாடை பட்டால் சேர்க்காது என்பது வெறும் பேச்சு. பூனையையும் காகத்தையும் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். கிள்ளான் காகமும் உள்ளூர்ப் பறவை இல்லை. காப்பித் தோட்டப் புழுவைத் தின்பதற்காகப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இலங்கையிலிருந்து கொண்டுவந்து விட்டார்கள். அணில் பகலில்தான் நடமாடும். எனவே இருட்டினால் குட்டியை உள்ளே எடுத்து, காலையில் மீண்டும் வையுங்கள்.

தாய் வரவே இல்லை, அல்லது மரத்தையே வெட்டிவிட்டார்கள் என்றால் பெர்ஹிலித்தானுக்குத் தகவல் சொல்லுங்கள். காட்டு விலங்கை வைத்திருப்பது 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்கு (சட்டம் 716) உட்பட்ட விஷயம். 'பாவம்னு எடுத்தேன்' என்பது அனுமதி ஆகாது. அதிகாரியோ கால்நடை மருத்துவரோ பொறுப்பேற்கும்வரை உள்ள சில மணி நேரத்தில்தான் குட்டி பிழைப்பதும் சாவதும் இருக்கிறது. அதனால் இதை மட்டும் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

சூடு முதலில், தண்ணீர் அடுத்து, பால் கடைசி. இந்த வரிசை மாறக் கூடாது. குளிர்ந்துபோன குட்டிக்குச் செரிமானம் நடக்காது. அந்த நேரத்தில் பால் கொடுத்தால் வயிற்றிலேயே கெட்டுவிடும். வெந்நீர் நிரப்பிய போத்தலைத் துணியில் சுற்றிப் பெட்டியின் ஒரு பாதியில் மட்டும் வையுங்கள். சூடு அதிகமானால் குட்டி மறுபாதிக்கு நகர்ந்துகொள்ளும். உடம்பு இதமான பிறகு, மருந்துக்கடையில் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ். கரைசலை வெதுவெதுப்பாக, ஊசி இல்லாத 1 மில்லி சிரிஞ்சில் சொட்டுச் சொட்டாகக் கொடுக்கலாம். குட்டி மல்லாக்கப் படுத்திருக்கக் கூடாது. அவசரப்பட்டு அழுத்தினால் நீர் நுரையீரலுக்குள் போய்விடும். வயிற்றுப்போக்கைப் போலவே இதுவும் குட்டிகளைக் கொல்லும்.

பசும்பால், டின் பால், மைலோ எதையும் ஊத்தாதீங்க. பசும்பாலில் உள்ள சர்க்கரையைச் செரிக்க முடியாமல் பேதியாகி, ஓரிரு நாளில் குட்டி வற்றிப்போகும். மீட்பாளர்கள் பயன்படுத்துவது நாய்க்குட்டிக்கான பால்மாவு. ஒரு வேளைக்கு உடல் எடையில் ஏறத்தாழ 5 விழுக்காடு என்பது அவர்கள் கணக்கு. 40 கிராம் குட்டிக்கு 2 மில்லி. கண் திறக்காத குட்டி தானாகச் சிறுநீர் கழிக்காது. தாய் நக்கிவிடுவது போல, ஈரப் பஞ்சால் மெதுவாகத் தடவிவிட வேண்டும். கடித்துவிட்டால் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுக் கிளினிக்குக்குப் போங்க.

வளர்ந்து கொறிக்கத் தொடங்கியதும் எல்லாரும் குவாச்சியும் கச்சானும் கொடுப்பார்கள். அதுவும் விரும்பித் தின்னும். ஆனால் அவற்றில் பாஸ்பரஸ் மிகுதி, கால்சியம் குறைவு. அதையே தின்று, வெயிலும் படாமல் வளரும் அணிலுக்கு எலும்பு மெலிந்து பின்னங்கால் இழுத்துக்கொள்ளும். மரமேற முடியாத அணிலை எந்தக் காலத்தில் விட்டால் என்ன? கொய்யா, ரம்புத்தான், இலையோடு மாங்கிளை, மரப்பட்டை என்று வெளியே கிடைப்பதையே கூண்டிலும் கொடுத்துப் பழக்க வேண்டும்.

இப்போது தலைப்புக் கேள்வி. வாழை அணில் இங்கே ஆண்டு முழுதும் குட்டி போடுகிறது, மரத்தில் ஏதோ ஒன்று எப்போதும் பழுத்திருக்கிறது. பட்டினி மாதம் என்று ஒன்று நமக்கு இல்லை. நம் அணிலுக்கு எதிரி மழை. கிள்ளான் பள்ளத்தாக்கில் ஏப்ரலை ஒட்டி ஒரு முறையும், அக்டோபர் நவம்பரில் ஒரு முறையும் மாலை இடிமழை உச்சத்துக்குப் போகும். இரண்டாவது உச்சம் ஐப்பசி கார்த்திகையில் விழுகிறது. நம் பெரும்பொழுதுக் கணக்கில் அது கூதிர். பாடத்தில் மனப்பாடம் செய்யும் அந்தச் சொல்லுக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்காது: கூடு கட்டத் தெரியாத இளம் அணிலுக்கு நம் ஊரில் குளிர்காலம் என்றால் கூதிர்தான்.

அதற்காக ஐப்பசி முழுதும் பூட்டி வைக்கச் சொல்லவில்லை. தேவைக்கு மேல் வைத்திருந்தால் மனிதரிடம் ஒட்டிக்கொள்ளும். பூனையைக் கண்டாலும் ஓடாது. அணிலைப் பாருங்கள், பிறகு வானத்தைப் பாருங்கள். உரிக்காத கொட்டையைத் தானே உடைக்கிறதா, ஆளைக் கண்டால் பதுங்குகிறதா, உடம்பில் ரோமம் நிறைந்திருக்கிறதா? அப்படியானால் விடப்போகும் இடத்திலேயே, தரையிலிருந்து உயர்த்திய கூண்டில், பாதிக்கூரையும் கூட்டுப்பெட்டியும் வைத்து ஓரிரு வாரம் பழக்கலாம். 'உயர்த்திய' என்ற சொல் அலங்காரத்துக்கு இல்லை. 2021 டிசம்பர் 18 வெள்ளத்தைக் கிள்ளானிலும் ஶ்ரீ மூடாவிலும் பார்த்தவர்களுக்குத் தரையில் வைத்த பொருள் என்ன ஆகும் என்று தெரியும். பிறகு மெட்மலேசியாவின் முன்னறிவிப்பில் சில நாள் தொடர்ந்து வெயில் தெரிந்தால், காலையில் கூண்டைத் திறந்துவிட்டு ஒதுங்கிக்கொள்ள வேண்டும். பெட்டியையும் உணவையும் உடனே எடுத்துவிடாதீர்கள். சில நாள் இரவில் வந்து தூங்கிவிட்டுப் போகும், பிறகு வராது.

வகுப்புக்கு ஒரு பயிற்சி. 'மீட்ட அணிலைக் குளிர்காலம் முடிந்தபின் விட வேண்டும்' என்ற வாக்கியத்தைப் பலகையில் எழுதுங்கள். 'ஏனெனில்' சேர்த்து அதன் காரணத்தை மாணவர்களே எழுதட்டும். அடுத்து, அந்தக் காரணம் கிள்ளானுக்குப் பொருந்துமா என்று கேளுங்கள். மூன்றாவதாக, அதே காரணத்தைக் கொண்டு நம் ஊருக்கான வாக்கியத்தை அவர்களே அமைக்கட்டும். படிவம் 4, 5 மாணவர்களுக்கு நாற்பது நிமிடம் போதும். இதே முறையில் சோதித்துப் பார்க்க இன்னும் இரண்டு வாக்கியங்கள்: 'இலையுதிர் காலத்தில் மரம் நட வேண்டும்', 'கோடையில் பறவைகளுக்குத் தண்ணீர் வைக்க வேண்டும்.'