ஏஐக்கு ஒரு பேரேடு

நிலக்கோட்டைப் பக்கம் மல்லிகை போட்டிருக்கும் விவசாயி ஒருவர், செல்போனில் ஏஐ உதவியாளரிடம் பேசுகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒரு ஏக்கர், செம்மண், சொட்டுநீர், நவம்பர் கடைசியில் கவாத்து என எல்லாவற்றையும் சொல்கிறார். பதிலும் உருப்படியாகவே வருகிறது. சில வாரம் கழித்து, புது உரையாடலில், ‘மொட்டு ஊதா நிறமாகி உதிருது, என்ன செய்ய?’ என்கிறார். ‘எந்தச் செடி, எந்த ஊர்?’ என்று அது முதலிலிருந்து ஆரம்பிக்கிறது.

இதை மறதி என்றுகூடச் சொல்ல முடியாது. மனதில் பதிந்திருந்தால்தானே மறப்பதற்கு! பயிற்சி முடிந்ததும், உதவியாளருக்குள் இயங்கும் மொழி மாதிரி (லாங்குவேஜ் மாடல்) உறைந்துவிடுகிறது. நாம் என்ன பேசினாலும் அதனுள் இருக்கும் கோடிக்கணக்கான எண்களில் ஒன்றுகூட மாறாது. ஒரே உரையாடலுக்குள் முன்பு சொன்னது அதற்கு ஞாபகம் இருப்பதுபோலத் தெரிவதும் ஒரு ஏற்பாடுதான். ஒவ்வொரு கேள்வியோடும் அதுவரை பேசிய அத்தனையும் சேர்த்து மறுபடி அனுப்பப்படுகிறது. இருபதாவது கேள்விக்குப் பதில் சொல்ல, முந்தைய பத்தொன்பதையும் சேர்த்தே அது பார்த்தாக வேண்டும்.

ஒரே வீச்சில் எவ்வளவு பார்க்கலாம் என்பதற்கு எல்லை உண்டு. அதை டோக்கன் என்னும் துண்டுகளால் அளக்கிறார்கள். 2020-ல் வந்த ஜிபிடி-3 தாங்கியது 2,048 டோக்கன். 2024 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்ட ஜெமினி 1.5, பத்து லட்சம் வரை போனது. இங்கே தமிழுக்கு ஒரு தனிச் சங்கடம். ‘மல்லிகை’யைக் கணினி 7 குறியீடுகளாக வைத்துக்கொள்கிறது, எழுத்துகளைச் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் அது 21 பைட். ஆங்கில ஜாஸ்மினுக்கும் 7 எழுத்துதான், ஆனால் 7 பைட்டிலேயே முடிந்துவிடுகிறது. பைட்டுகளைக் கோத்து டோக்கனாக்கும், ஆங்கிலத்தை மனதில் வைத்துச் செய்த பழைய வெட்டுமுறைகளில் தமிழ்ச் சொல் நொறுங்கி, டோக்கன் எகிறும். 2024 மே மாதம் ஜிபிடி-4ஓ வந்தபோது அதை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனம் காட்டிய எடுத்துக்காட்டில், 116 டோக்கன் பிடித்த தமிழ் வாசகம் 35-க்கு இறங்கியது. நல்ல முன்னேற்றம்தான். அதற்காகப் பேசியதையெல்லாம் ஒவ்வொரு தடவையும் மூட்டை கட்டி அனுப்ப முடியுமா?

அதனால்தான் நினைவை வெளியே வைக்கிறார்கள். பிளகின் என்கிற செருகுநிரல், மாதிரியின் கையில் இரண்டே வேலைகளைக் கொடுக்கிறது: ‘குறித்து வை’, ‘தேடி எடு’. இப்படி வெளிக் கருவிகளை இணைக்க 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் நிறுவனம் மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால் என்ற பொது நெறிமுறையை வெளியிட்டது. அதோடு வந்த நினைவுப் பிளகின் எளிமையானது: கணினியில் ஒரு சாதாரணக் கோப்பு, அதற்குள் பொருள்கள், அவற்றைப் பற்றிய குறிப்புகள், அவற்றுக்கிடையே உறவுகள். ‘தோட்டம்’ ஒரு பொருள். ‘செம்மண்’ அதன் குறிப்பு. ‘தோட்டம், இருக்கும் ஊர், நிலக்கோட்டை’ என்பது உறவு.

ஒட்டன்சத்திரம் காய்கறி மண்டியில் கணக்கு எழுதுபவர் செய்வதும் ஏறக்குறைய இதுதான். அன்றைய கூச்சல், பேரம் எதையும் அவர் எழுதுவதில்லை. சிட்டையில் ஏறியதைப் பிறகு ஆள்வாரியாகப் பேரேட்டுக்கு மாற்றுகிறார். எதை எழுதுவது, எதை விடுவது என்ற தீர்மானம்தான் அவருடைய தொழில். என்னைக் கேட்டால், நினைவுப் பிளகினின் தரமும் அந்த இடத்தில்தான் தெரியும்.

எழுதியதைத் தேடி எடுப்பதில்தான் எனக்கு வியப்பு. குறிப்பில் ‘போன பருவத்தில் மொக்கு கொட்டியது’ என்று இருக்கிறது. விவசாயி கேட்பதோ ‘மொட்டு உதிருது’. ஒரு சொல்கூடப் பொதுவில்லை. ஆனாலும் பிளகின் கண்டுபிடித்துவிடும். பல பிளகின்கள் ஒவ்வொரு வாக்கியத்தையும் நூற்றுக்கணக்கான, சமயத்தில் ஆயிரத்துக்கு மேற்பட்ட எண்கள் கொண்ட வரிசையாக மாற்றி வைக்கின்றன. பொருள் நெருங்கிய வாக்கியங்களின் எண்களும் நெருங்கி அமையும்படி அந்த மாற்றம் பயிற்றுவிக்கப்பட்டிருக்கிறது. கேள்வியையும் எண்ணாக்கி, பக்கத்தில் இருக்கும் குறிப்புகளை எடுத்துக் கேள்வியோடு ஒட்டி அனுப்பினால், உறைந்துபோன அந்த மொழி மாதிரி, ‘போன தடவை மாதிரியே இருக்கா?’ என்று பழகிய ஆளைப்போலப் பேசும்.

தொல்லையும் இங்கிருந்தே தொடங்குகிறது. நெருக்கம் பார்க்கும் இந்தத் தேடலுக்குக் காலம் தெரியாது. மல்லிகையைப் பிடுங்கிவிட்டு முருங்கை வைத்த பிறகும், தேதி போடாத பழைய குறிப்பு வந்து நிற்கும். நம்மூரில் இன்னொரு சிக்கலும் உண்டு: வீட்டில் ஒரே செல்போன். பகலில் அப்பாவின் பூச்சிமருந்துக் கணக்கு, ராத்திரியில் மகளின் நீட் பயிற்சி. ஒரு போனுக்கு ஒரு ஆள் என்று நினைத்துச் செய்த பிளகின், இருவரையும் ஒருவராகப் பிசைந்து வைத்துக்கொள்ளும்.

வேண்டுமென்றே பொய்யை எழுதவைக்கவும் முடியும். யோஹான் ரேபெர்கர் என்ற பாதுகாப்பு ஆய்வாளர் 2024-ல் செய்து காட்டினார்: ஆவணத்துக்குள் ஒளித்துவைத்த கட்டளையைச் சாட்ஜிபிடி படித்து, பயனருக்கு 102 வயது என்று தன் நினைவில் குறித்துக்கொண்டது. உரையாடலில் விழுந்த பொய் அந்த உரையாடலோடு போய்விடும்; நினைவில் ஏறிய பொய் அடுத்தடுத்த உரையாடலிலும் கூடவே வரும்.

ஆகவே நினைவுக் கோப்பு எங்கே இருக்கிறது என்று முதலில் பார்த்துவிடுவது நல்லது. நிறுவனத்தின் சர்வரில் என்றால், அழிக்கச் சொல்லிக் கேட்கும் உரிமையை 2023-ன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அங்கீகரிக்கிறது. சொந்தக் கணினியில் என்றால் யாரையும் கேட்க வேண்டியதில்லை. நோட்பேடில் திறந்து, வேண்டாத வரியை எடுத்துவிடலாம்.