எஸ்.பி. எழுதிய காகிதம்

காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருக்கிறது ஸ்ரீபெரும்புதூர். 1991 மே 21 இரவு அங்கே ராஜீவ் காந்தியும் உடனிருந்த பலரும் குண்டுவெடிப்பில் இறந்தார்கள். கொடிய குற்றம், அதில் மறுபேச்சில்லை. பேச வேண்டியது விசாரணையைப் பற்றி.

போலீசிடம் சொன்ன வாக்குமூலம் கோர்ட்டில் செல்லாது என்பது பழைய விதி. இந்த வழக்கில் பயன்பட்ட தடா என்ற பயங்கரவாதத் தடுப்புச் சட்டத்தின் 15ஆம் பிரிவு அதைத் தள்ளிவைத்தது. எஸ்.பி. அந்தஸ்துள்ள அதிகாரி பதிவு செய்தால் அதுவே சாட்சியம். ஒலிநாடாவில் பதியலாம் என்றும் சட்டம் இடம் கொடுத்தது. கட்டாயமாக்கவில்லை. போலீஸ் காவல் 15 நாளிலிருந்து 60 நாளாக நீண்டது.

இந்த வழக்கில் கைதானபோது பேரறிவாளனுக்கு 19 வயது. 9 வோல்ட் பேட்டரிகள் வாங்கிக் கொடுத்தார் என்பதே அவர்மீது முக்கியக் குற்றச்சாட்டு. 1998 ஜனவரியில் பூந்தமல்லி தடா நீதிமன்றம் 26 பேருக்கும் தூக்கு விதித்தது. மறு ஆண்டு உச்ச நீதிமன்றம் அவர்களில் 19 பேரைக் கொலைச் சதியிலிருந்து விடுவித்தது. இது தடாவின் கீழ் வரும் பயங்கரவாதச் செயலே அல்ல என்றும் சொன்னது. ஆனால் தடாவின்படி எழுதப்பட்ட வாக்குமூலங்களை மட்டும் வைத்துக்கொண்டது. விசித்திரமான கணக்கு! பேரறிவாளன் உட்பட நால்வரின் தூக்கு உறுதியானது.

2013இல், அவருடைய வாக்குமூலத்தைப் பதிவு செய்த ஓய்வுபெற்ற சி.பி.ஐ. அதிகாரி தியாகராஜன் வாய் திறந்தார். பேட்டரி எதற்கென்று தனக்குத் தெரியாது என அந்த இளைஞர் சொன்னாராம். அதை எழுதினால் ஒப்புதல் வாக்குமூலமாகவே நிற்காது என்பதால் விட்டுவிட்டாராம். தூக்கு பின்னர் ஆயுள் தண்டனையாகக் குறைந்து, 2022 மே 18இல் பேரறிவாளன் விடுதலையானபோது வயது 50. அந்த விடுதலையும் இந்தக் காரணத்துக்காக அல்ல. விடுதலைப் பரிந்துரைமீது ஆளுநர் தரப்புத் தாமதத்தைக் கண்ட உச்ச நீதிமன்றம் அரசியல் சட்டத்தின் 142ஆம் பிரிவின்படி கொடுத்தது.

தடா 1995இல் காலாவதியாகிவிட்டது, அந்த ஏற்பாடு காலாவதியாகவில்லை. மகாராஷ்டிரத்தின் 1999ஆம் ஆண்டு மோக்கா சட்டத்திலும், 2019இல் குடியரசுத் தலைவர் ஒப்புதல் பெற்ற குஜராத் சட்டத்திலும் எஸ்.பி. எழுதும் வாக்குமூலம் இன்றும் சாட்சியம்தான். உபா சட்டத்தில் அது இல்லை, ஆனால் போலீஸ் காவல் 30 நாள்வரை போகலாம். சித்திரவதைக்கு எதிரான ஐ.நா. உடன்படிக்கையில் இந்தியா 1997இல் கையெழுத்திட்டதோடு சரி, ஏற்புறுதி செய்யவில்லை.

2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், எல்லாக் காவல் நிலையங்களிலும் சி.பி.ஐ., என்.ஐ.ஏ. அலுவலகங்களிலும் ஒலியோடு பதியும் கேமரா வைக்கச் சொன்னது. அதே ஆண்டு ஜூனில், காவல் மரணங்களை அடுத்து, சாத்தான்குளம் காவல் நிலையத்தில் பதிவுகள் அன்றன்றே அழியும்படி அமைக்கப்பட்டிருந்ததை மாஜிஸ்திரேட் விசாரணை கண்டிருந்தது. கேமரா ஓடுகிறதா என்று பார்க்கும் பொறுப்பு அந்தந்த நிலையப் பொறுப்பு அதிகாரிக்கே. அவருக்கு மேலே மாவட்டக் கண்காணிப்புக் குழு உண்டு. அதில் எஸ்.பி.யும் ஓர் உறுப்பினர்.