நாகசாக்கித் துறையில் ஒரு பகல்

உல்லாசக் கப்பலிற் செல்வோர் ஒரு துறையில் இறங்கி ஊர் காண்பதற்கு வழிகள் இரண்டு உள. கப்பலார் நடத்தும் சுற்றுலாவிற் சேர்ந்து செல்வது ஒன்று; தாமே வழி வகுத்துச் செல்வது மற்றொன்று. முன்னதற்குப் பணம் மிகுதி. பின்னதற்குக் கவனம் மிகுதி. பணி ஓய்வு பெற்ற ஆசிரிய அன்பர்கள் பலர் இக்காலத்தில் கப்பற் பயணம் மேற்கொள்வதால், இரண்டாம் வழியை எவ்வாறு வகுப்பது என்பதை ஜப்பானின் நாகசாக்கித் துறைமுகத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு விளக்க விரும்புகிறேன்.

முதலில் ஒன்றை மனத்திற் கொள்ளவேண்டும். கப்பலாரின் பேருந்து தாமதித்தால் கப்பல் அதற்காகக் காத்திருக்கும். தனியே சென்றவருக்காகக் காத்திராது. விடப்பட்டவர் தம் செலவிலேயே அடுத்த துறைக்குப் போய்ச் சேரவேண்டும். ஆகவே திட்டத்தை முடிவிலிருந்து தொடங்குக. பயிற்சிக் கல்லூரியிற் பாடக் குறிப்பு எழுதிப் பழகியோர்க்கு இது புதிதன்று. மணி அடிக்கும் வேளையிலிருந்து பின்னோக்கி எண்ணுபவரே பாடத்தை முடிப்பவர்.

காலை 8 மணிக்குக் கப்பல் கரை சேர்கிறது, மாலை 5 மணிக்குப் புறப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். கப்பலேற வேண்டிய இறுதி நேரம் 4.30 என அறிவித்திருப்பார்கள். அதற்கும் ஒரு மணி முன்னதாக, 3.30ஐ நம் எல்லையாகக் கொள்வோம். காலையில் குடிநுழைவுச் சோதனைக்கும் வரிசைக்கும் ஒன்றரை மணி நேரம் போகலாம். ஜப்பானில் அதுவே முதல் துறையானால் இன்னும் நீளலாம். எஞ்சுவது ஆறு மணி நேரமே. ஜப்பானிய நேரம் நம் மலேசிய, சிங்கப்பூர் நேரத்தினும் ஒரு மணி முந்தியது. கைப்பேசி தானாகவே கரை நேரத்துக்கு மாறிக்கொள்ளும். கப்பலோ சிலபோது தன் நேரத்தையே வைத்துக்கொள்ளும். இறங்கும் வாயிலில் எழுதியிருப்பதைப் பார்த்துக் கைக்கடிகாரத்தைத் திருத்திக்கொள்க.

அடுத்து, தொலைவில் உள்ளதை முதலிலும் அண்மையில் உள்ளதை இறுதியிலும் காண்க. பலர் இதனைத் தலைகீழாகச் செய்கின்றனர். கப்பல்கள் வந்து நிற்கும் மட்சுகாயே மேடைக்கு அருகில் ஓவுரா தேவாலயம் இருப்பதால் அங்கேயே காலைப்பொழுதைக் கழித்துவிட்டு, நண்பகலுக்குப் பின் தொலைவிடத்துக்கு ஓடுகின்றனர்.

மேடையிலிருந்து சிறிது நடந்தால் ஓவுரா கைகான் தோரி என்னும் டிராம் நிறுத்தம். ஐந்தாம் எண் வண்டியில் ஏறிச் சீனர் தெருவாகிய சின்ச்சியில் இறங்கி, அக்காசாக்கோ செல்லும் முதலாம் எண் வண்டிக்கு மாறினால் அணுகுண்டுக் காட்சியகத்தை அடையலாம். பின்வாயிலில் ஏறி, இறங்கும்போது முன்வாயிலிற் கட்டணம் செலுத்துவது முறை. எவ்வளவு தொலைவாயினும் கட்டணம் ஒன்றே. சில்லறை கைவசம் இருக்கட்டும். திரும்புகையிலும் முதலாம் எண்ணிலேயே ஏறுக. மூன்றாம் எண் வண்டியும் அந்நிறுத்தத்தில் நிற்கும், ஆனால் வேறு வழியாகப் போய்விடும்.

1945 ஆகஸ்டு 9, காலை 11.02. கொக்குரா நகரை அழிக்க வந்த விமானம், அங்கே இலக்குத் தெரியாமையால் நாகசாக்கிக்குத் திரும்பியது. உராக்காமிப் பள்ளத்தாக்கின் மேல் ஏறத்தாழ 500 மீட்டர் உயரத்திற் குண்டு வெடித்தது. அவ்வாண்டு முடிவதற்குள் மாண்டோர் ஏறத்தாழ 70,000 பேர். இடையில் நின்ற குன்றுகள் துறைமுகப் பக்கத்தை ஓரளவு காத்தன. பழைய கட்டடங்கள் அங்கே இன்றும் நிற்பது அதனால்தான். காட்சியகத்தில் 11.02இல் நின்றுபோன சுவர்க்கடிகாரம் உண்டு. பதினான்கு வயது மாணவி ஒருத்தியின் கருகிய உணவுப் பெட்டியும் உண்டு.

“ஜப்பான்காரன் காலத்தில்” நம் தோட்டங்களிலிருந்து சயாம் ரயில் பாதைக்குக் கொண்டு செல்லப்பட்டு மாண்டோர் ஆயிரமாயிரவர். குண்டு விழுந்த ஆறு நாட்களில் ஜப்பான் பணிந்தது. எஞ்சியோர் வீடு திரும்பினர். அவர்களுடைய பேரப்பிள்ளைகளாகிய நாம் அந்தக் காட்சியகத்தில் எந்த மனத்தோடு நிற்பது என்று கேட்போர் உண்டு. நியாயமான கேள்வியே. ஆயினும் அந்த உணவுப் பெட்டி ஒரு பள்ளிப்பிள்ளையுடையது. ஆசிரியராயிருந்தவர் அதைக் காணாமற் கப்பலேறுவதை நான் ஒப்பேன். காட்சியகம், குண்டு வெடித்த இடம், 1955இல் நிறுவிய அமைதிச் சிலை ஆகியவை நடக்கும் தொலைவிலேயே உள்ளன. மூன்றுக்கும் இரண்டரை மணி நேரம் ஒதுக்குக.

திரும்பும் வழியில் தெஜிமா. போர்த்துகீசியரை அடைத்துவைக்க 1636இல் கடலிற் கட்டிய விசிறி வடிவத் தீவு. 1641இல் டச்சுக்காரர் அங்குக் குடியேற்றப்பட்டனர். அதே 1641இல்தான் டச்சுக்காரர் நம் மலாக்காவைப் போர்த்துகீசியரிடமிருந்து கைப்பற்றினர் என்பதை வரலாறு கற்பிப்போர் குறித்துக்கொள்ளலாம். கடல் தூர்ந்து, இன்று அது ஊர் நடுவே கிடக்கிறது. ஒரு மணி நேரம் போதும்.

எஞ்சிய பொழுது ஓவுரா தேவாலயத்துக்கு. கட்டி முடித்தது 1864இல். இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகத் தம் சமயத்தை மறைத்துக் காத்த மக்கள் 1865இல் வெளிப்பட்டது இங்கேதான். மேலேயுள்ள குளோவர் பூங்காவுக்கு ஏறுவதா என்பதை முழங்காலைக் கேட்டு முடிவு செய்க.

சைவ உணவினர் காலையிலேயே கப்பலில் வயிறார உண்டுவிடுவது நன்று. இவ்வூர்ச் சம்பொன் என்னும் நூடுல்ஸில் பன்றியிறைச்சியும் கடலுணவும் கலந்திருக்கும். காய்கறிக் குழம்பிலும் மீன் சாறு சேர்வது வழக்கம். கப்பலிலிருந்து பழமோ இறைச்சியோ கரைக்குக் கொண்டு போகாதீர், சட்டம் இடந்தராது.

கப்பலார் அன்றாடம் தரும் தாளில் துறைமுக முகவரின் தொலைபேசி எண் இருக்கும். அதை எழுதிக்கொண்டு, மட்சுகாயே மேடை என்பதை ஜப்பானிய எழுத்தில் எழுதிய சீட்டையும், ஒரு டாக்சிக்கான யென்னையும் சட்டைப் பையிற் தனியே வைத்துக்கொள்க. டிராம் நின்றுபோனால் அந்தச் சீட்டை ஓட்டுநரிடம் காட்டினாற் போதும்.