நிலமும் நீரும் – 9: காணாமல் போன படிகள்

சென்ற வாரம், ஏரிகளைத் தூர்த்து எழுந்த குடியிருப்புகளைப் பார்த்தோம். அந்தக் குடியிருப்புகளுக்குள்ளே இன்னொரு தூர்ப்பு நடந்துகொண்டிருக்கிறது. அதற்கு வரைபடமும் இல்லை, விவாதமும் இல்லை. சென்னையின் பழைய தெருக்களில், ஒரு காலத்தில் இரண்டு படி ஏறிப் போன வீட்டுக்கு இப்போது ஒரு படி இறங்கிப் போகவேண்டியிருக்கிறது. வீடு புதையவில்லை, தெரு வளர்ந்துவிட்டது. தார்ச்சாலையின் மேலடுக்கு ஒன்று 30 முதல் 50 மில்லிமீட்டர் கனம். பழையதைச் சுரண்டி எடுக்காமல் அதன் தலையிலேயே நான்கு முறை போட்டால் ஒரு படி காலி. சுரண்டிவிட்டுத்தான் போடவேண்டும் என்று 2021இல் அப்போதைய தலைமைச் செயலாளர் இறையன்பு அறிவுறுத்தினார். அதற்கு முன் போட்ட அடுக்குகளெல்லாம் அப்படியே கிடக்கின்றன, வாசற்படிகளை விழுங்கிக்கொண்டு.

தெரு உயர்ந்தால் வீட்டுக்காரர் என்ன செய்வார்? அவரும் உயர்த்துவார். 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு நகரத்தில் வீடு தூக்கும் தொழில் நன்றாகவே நடக்கிறது. அஸ்திவாரத்தை ஒட்டிப் பள்ளம் தோண்டி, சுவருக்கு அடியில் இரும்புச் சேனலைக் கொடுத்து, ஜாக்கிகளை வரிசையாக நிறுத்துகிறார்கள். ஒருவர் குரல் கொடுக்க, அத்தனை ஜாக்கியும் ஒரே அளவு திருகப்படுகிறது. மூன்றடி எழும்பியதும் இடைவெளியில் புதுக்கட்டு எழுப்பி மூடிவிடுகிறார்கள். இடித்துக் கட்டுகிறவர்களுக்கு இந்த வித்தையெல்லாம் வேண்டாம். இடிபாட்டையும் கிராவலையும் லாரி லாரியாகக் கொட்டி, மனை முழுவதையும் தெருவுக்கு மேலே கொண்டுவந்துவிடுகிறார்கள். அந்த வீடுகள் அடுத்த மழையில் நனையாமல் தப்பிக்கவும் செய்கின்றன. அதனால்தான் இதைத் தீர்வென்று நம்பிவிடுகிறோம்.

ஒரு கிரவுண்டு, அதாவது 2,400 சதுர அடி மனையை எடுத்துக்கொள்வோம். அதில் மூன்றடி நிற்கக்கூடிய வெள்ளம் ஏறத்தாழ 2 லட்சம் லிட்டர். 12,000 லிட்டர் தண்ணீர் லாரி என்றால் 17 லாரி. அந்த மனையை மூன்றடி மண்ணால் நிரப்பினால் இந்த 17 லாரித் தண்ணீர் மாயமாகிவிடாது. பக்கத்து மனைக்கு, எதிர்வீட்டுத் தரைத்தளத்துக்கு, தெருக்கோடியில் வாடகைக்கு இருக்கும் குடும்பத்தின் கட்டிலுக்கு அடியில் போகும். சென்னை கடல்மட்டத்திலிருந்து சராசரியாக 6, 7 மீட்டர் உயரத்தில்தான் கிடக்கிறது. இப்படித் தட்டையான ஊரில் ஓரடி என்பது சின்ன விஷயமில்லை. ஒரு தெருவில் 40 மனைகள் இருந்து 30 உயர்ந்துவிட்டால், மீதிப் பத்தும் அந்தத் தெருவின் குளமாகிவிடும். காலநிலை மாற்றத்துக்குத் தகவமைத்துக்கொள்வது என்று நாம் கொண்டாடுவதில் ஒரு பகுதி, ஆபத்தைக் காசில்லாதவர் பக்கம் தள்ளிவிடுவதுதான் என்று சொன்னால் கசக்கும். ஆனால் கணக்கு அதைத்தான் காட்டுகிறது.

வெள்ளத்தில் வீட்டைப் பறிகொடுத்தவரைக் குற்றம் சொல்லலாமா என்று கேட்பார்கள். கூடாது. அவர் இடத்தில் யார் இருந்தாலும் மண்ணைக் கொட்டத்தான் செய்வார்கள். குற்றம் அவரைத் தனியாக விட்டதில் இருக்கிறது. மழைநீர் வடிகாலைச் சரியாகக் கட்டினால் போதாதா என்பது அடுத்த கேள்வி. வடிகால் வேண்டும்தான், ஆனால் அதுவும் மட்டத்துக்குக் கட்டுப்பட்டது. வடிகாலின் வாய் தெரு மட்டத்தில் இருக்க, வீடு அதற்குக் கீழே இருந்தால், அந்த வீட்டிலிருந்து தண்ணீரை மோட்டார் வைத்துத்தான் இறைக்கவேண்டும். கடல் ஏற்றத்தின்போது அடையாறும் கூவமும் முகத்துவாரத்தில் திணறும். அப்போது வடிகால் நீர் போகுமிடம் தெரியாமல் நிற்கும், சில இடங்களில் திரும்பியும் வரும்.

ஊரையே உயர்த்திய நகரங்கள் உண்டே என்பதுதான் இவற்றில் கனமான வாதம். உண்மைதான். சதுப்பில் கிடந்த சிகாகோ, கழிவுநீர்க் குழாய்களுக்குச் சரிவு வேண்டும் என்பதற்காக 1850களிலும் 60களிலும் தெருக்களை உயர்த்தியது. கட்டடங்கள் ஜாக்கிகளில் ஏறின. 1900ஆம் ஆண்டுப் புயலில் சீரழிந்த அமெரிக்கக் கடலோர நகரமான கால்வெஸ்டன் கடற்சுவரைக் கட்டியது. பிறகு இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கட்டடங்களைத் தூக்கி நிறுத்தி, அடியில் மணற்குழம்பைக் குழாய் வழியே பாய்ச்சி நிரப்பியது. ஆண்டுக்கணக்கில் மக்கள் மரப்பலகைகள் மேல் நடந்தார்கள். ஆனால் அங்கே மட்டத்தை முடிவு செய்தது ஊர். தெரு, குழாய், வீடு மூன்றும் ஒரே கணக்கில் எழுந்தன. இங்கே ஜாக்கி மட்டும்தான் அதே ஜாக்கி.

நம் திட்ட அனுமதி முறையில் கட்டடத்தின் உயரத்தை அளக்கிறோம், எஃப்.எஸ்.ஐ.யை (தளப்பரப்புக் குறியீட்டை) இழுத்துப்பிடித்துக் கணக்குப் பார்க்கிறோம், பக்க இடைவெளிக்கு டேப் பிடிக்கிறோம். தரையின் மட்டம் என்று வரும்போது, வெள்ளம் தேங்கும் பகுதிகளிலுள்ள பெரிய மனைகளுக்கான தடையின்மைச் சான்றில், இத்தனை அடி மண் நிரப்பி உயர்த்து என்று அரசே நிபந்தனை போடுவது வழக்கம். அந்த நிபந்தனை அந்த மனையைக் காக்கும், அவ்வளவுதான். இங்கிலாந்தில் வெள்ளச் சமவெளியில் ஓரிடத்தை மேடாக்கினால், அதே மட்டத்தில் அதே கொள்ளளவுக்கு வேறிடத்தில் பள்ளம் தரவேண்டும் என்று கேட்பார்கள். ஒரு கிரவுண்டுக்காரரிடம் அதைக் கேட்பது அபத்தம், இடமேது? அவருக்கு வேறு வழி உண்டு: மண்ணைக் கொட்டாமல் தூணில் ஏறுவது. நம் பழைய வீடுகளில்கூடத் திண்ணையும் கூடமும்தான் மேட்டில் இருந்தன. முற்றமும் கொல்லையும் தாழ்ந்தே கிடந்து மழையை வாங்கிக்கொண்டன. இன்றைய அடுக்குமாடிகளும் தூணில்தான் நிற்கின்றன. ஆனால் கார் ஏறுவதற்காகத் தூணடித் தரையையே மேடாக்கி, சுற்றிலும் சிமென்ட் கல் பதித்து, தூணின் பயனைக் கெடுத்துவிடுகிறோம். மின்மீட்டர் பெட்டியும் ஜெனரேட்டரும் முதல் மாடி உயரத்துக்குப் போய்விட்டால், ஒருநாள் தூணடியில் தண்ணீர் நிற்பதில் பெரிய நஷ்டமில்லை. மழை எச்சரிக்கை வந்தால் காரை மேம்பாலத்தில் கொண்டுபோய் நிறுத்த ஏற்கனவே பழகிவிட்டோம்.

சென்னைப் பெருநகரத்துக்கான இரண்டாம் முழுமைத் திட்டத்தின் காலம் 2026இல் முடிகிறது, மூன்றாவது தயாராகிறது. நிலப்பயன்பாட்டுக்கு வண்ணம் தீட்டும் அந்த வரைபடத்தில், ஒவ்வொரு தெருவுக்கும் ஒரு மட்ட எண்ணைக் குறிப்பது இன்றைய அளவைக் கருவிகளுக்குச் சிரமமான வேலையல்ல. சாலை போடும் ஒப்பந்ததாரர், மனை நிரப்பும் கட்டுநர், வடிகால் தோண்டும் பொறியாளர் மூவரும் அந்த எண்ணுக்குக் கட்டுப்பட வேண்டும். எந்தத் தெருவின் எண் எவ்வளவு என்பதில் சண்டை வரும், வரட்டும். இப்போது அந்தச் சண்டையை இரண்டு வீட்டுக்காரர்கள் காம்பவுண்டுச் சுவருக்கு இருபுறமும் நின்று, முழங்கால் தண்ணீரில் போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.